கவர்னருக்கு இன்னும் ஆகவில்லை

“அத்தை, உன் பானையைக் கொடு.”

கேட்டுவிட்டாள். சமையலறையில் அம்மா தால்வாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

ஜுரேமாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லி வளர்த்தது ஒன்றே ஒன்றுதான். ஒஸ்காரினா அத்தையிடம் எதை வேண்டுமானாலும் கேள், அந்தப் பானையை மட்டும் கேட்காதே. அத்தையின் வயதைக் கேட்கலாம். அத்தை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றுகூடக் கேட்கலாம், பதில் வராது, ஆனால் வீடு இடியாது. பானையைக் கேட்டால் இடியும்.

பெரிய அலுமினியப் பானை அது. சாயங்கால மழை விட்டதும் தெருமுனையில் அத்தை அதை அடுப்பில் ஏற்றுவாள். மரவள்ளிச் சாறான மஞ்சள் துக்குப்பி அதில் கொதிக்கும். காய்ந்த இறாலும் உதட்டை மரத்துப்போக வைக்கும் ஜம்பு இலையும் போட்டு, சுரைக்குடுவையில் ஊற்றினால் டக்கக்கா சூப். பெலேங் ஊரின் குவமா பேட்டையில் அத்தை கடையைத் தெரியாதவன் வெளியூர்க்காரன்.

“என்ன கேட்டே?” என்றாள் அத்தை.

“பானை.”

“எதுக்கு?”

“கவர்னருக்கு.”

“கவர்னருக்கு என்ன கேடு?”

“வெளிக்குப் போகலை. மாசம் தாண்டிடுச்சு. வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வைக்கணும். நம்ம வாளியில அவன் வால்கூட அடங்காது.”

கவர்னர் ஒரு பாம்பு. ஜிபோயா இன மலைப்பாம்பு, ஜுரேமாவைவிட நீளம். பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, தோலுக்கடியில் சிப் வைத்து, ஒழுங்காக இந்த வீட்டுக்கு வந்தவன். பெயர் வைத்தது அம்மா. “எவ்வளவு போட்டாலும் முழுங்கறான், நாள் பூரா படுத்தே கெடக்கறான், ஒண்ணையும் வெளிய விடமாட்டேங்கறான். கவர்னரேதான்” என்றாள். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

“இந்தப் பானைதாண்டி உன்னைப் படிக்க வச்சுது,” என்று அத்தை ஆரம்பித்தாள். “இந்தப் பானையில பாம்பா? உங்கப்பன் செத்தப்ப யாருடி சோறு போட்டா? பானை. நீ காலேஜ் போக யாருடி பஸ்ஸுக்குக் குடுத்தா? பானை. ஏழு தலைமுறையில ஒருத்தி பட்டம் வாங்கியிருக்கா, அவ என்னத்தைப் படிச்சிருக்கா? பாம்புக்குக் கால் கழுவி விட!”

“பாம்புக்குக் கால் கிடையாது அத்தை.”

“அதுக்குத்தான் நாலு வருஷமா?”

ஜுரேமாவுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வருவதற்கு அதிக நேரம் பிடிக்காது. இந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவள். அதைச் சொல்லிப் பெருமைப்படாத ஆள் தெருவில் இல்லை. ஆனால் அவள் படித்ததைச் சொன்னால் கேட்கிற ஆள் வீட்டில் இல்லை.

கவர்னரின் வயிறு வெறும் வயிற்று விவகாரமும் இல்லை. ஆற்றின் மேல்பகுதியில், சாந்தாரெங் நகரத்தில், பாம்புகளை வளர்த்து ஆராயும் மையம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை. படகில் நாள்கணக்கில் போக வேண்டும். செரித்தது வெளியேறாத பாம்பைப் படகில் ஏற்றினால், ஆட்டத்தில் வயிறு கலங்கி, கக்கி, செத்துப்போகக்கூடும். கவர்னரை இங்கே விட்டுப் போனால் அம்மா அன்போடு எதையாவது ஊட்டிக் கொன்றுவிடுவாள். ஆகவே ஜுரேமா ஏற்கெனவே ஒரு படகை விட்டாயிற்று.

மையத்தின் தலைவி தொலைபேசியில் பொறுமையாகத்தான் பேசினாள். “உன் மார்க்கைப் பார்த்து எடுத்தேம்மா. உன் பாம்போட மலச்சிக்கலுக்காக எத்தனை நாள் நாற்காலியைக் காலியா வைக்க முடியும்? வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமைப் படகுதான் கடைசி. அதுல நீ வரலேன்னா அடுத்த பேரைக் கூப்பிடுவேன்.”

அத்தை பானையைத் தரவில்லை. மதியம் அத்தை ஊஞ்சல் படுக்கையில் குறட்டை விட்டபோது ஜுரேமா தானே எடுத்துக்கொண்டாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கவர்னர் சுகமாகச் சுருண்டான். பானை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற அதிகாரி வெந்நீர்த் தொட்டியில் இறங்கியதுபோல் கண் மூடாமல் மயங்கிக் கிடந்தான். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

அத்தை விழித்தாள். பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டது. கறிக்கடைக்காரர் வெட்டுக்கத்தியோடு ஓடி வந்தார்.

“என் பானை! என் பொழப்பு! பாம்பு குளிச்ச பானையில எவன்டி இனிமே வாங்கிக் குடிப்பான்?” அத்தை மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஜுரேமாவுக்கு அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது. “கழுவித் தரேன் அத்தை. பிளீச்சிங் போட்டுக் கழுவித் தரேன்.”

“என் பேரைக் கழுவ முடியுமாடி?”

மறுநாள் அத்தை கடை போடக்கூடாது என்றுதான் இருந்தாள். பிறகு வீம்புக்குப் போட்டாள், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பானையில். முதல் ஆளாகக் கறிக்கடைக்காரர் வந்து நின்றார்.

“பாம்பு குளிச்சுதே, அந்தப் பானையாக்கா இது?”

அத்தை மறுத்துச் சத்தியம் செய்ய வாயைத் திறந்தாள்.

“ஏன்னா, அதுவா இருந்தா ரெண்டு கிண்ணம் குடுங்க. ஒண்ணு குடிக்க. ஒண்ணு என் கடை வாசல்ல தெளிக்க.”

அத்தை திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஜிபோயா இரையைத் தேடி ஓடாது. சும்மா கிடக்கும், இரை தானாக வந்து விழும். பெலேங் ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் சந்தையில் அதன் கொழுப்பு, தோல், தலை என்று ஒவ்வொன்றுக்கும் விலை. கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளர் வர வேண்டும், மற்றவர்களுக்கு மனசுக்குப் பிடித்தவர் வர வேண்டும். ஜுரேமா தன் பட்டப்படிப்பில் ஒரு முழுப் பருவம் இது பொய் என்று படித்திருந்தாள். அவளுடைய ஆசிரியர்கூடக் கைப்பையில் ஒரு துண்டுத் தோல் வைத்திருந்தார்.

அன்று மழைக்குப் பிறகு வரிசை கறிக்கடையைத் தாண்டி நின்றது.

கடை மூடிய பிறகு அத்தை ஜுரேமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலில் தேன் வழிந்தது. அந்தக் குரலை ஜுரேமா அதற்கு முன் கேட்டதில்லை.

“பாவம்டி அது. வாயில்லாத ஜீவன். வயித்து வலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தெனமும் குளிக்க வை. பானையை நீயே வச்சுக்க. நான் சூப்புக்குப் புதுசு வாங்கிக்கறேன்.”

“பானையவா? என்கிட்டவா?”

“நீயும் என் ரத்தம்தானேடி.”

ஜுரேமா அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். அத்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டும் பார்த்தாள்.

குளியல் தினசரி ஆனது. அதைவிட ஆச்சரியம், பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே சிலுவைக்குறி போடுகிற அத்தை, கவர்னருக்குக் காவல் இருக்க முன்வந்தாள்.

“நீ போய் ஜம்பு இலை வாங்கிட்டு வா. நான் பாத்துக்கறேன்.”

“நேத்தும் அதையேதான் சொன்னே. அந்தக் கட்டே இன்னும் வாடலை.”

“கூட்டம் எவ்வளவுன்னு பாத்தல்ல?”

“உனக்குப் பயமா இல்லையா?”

“உனக்கு மாமாவா ஆக இருந்தவனோட ரெண்டு வருஷம் நிச்சயதார்த்தத்துல இருந்திருக்கேன். இதுக்கா பயப்படுவேன்?”

இலை வாங்கித் திரும்பினால் கவர்னர் பெட்டிக்குள் இருப்பான், பானை கழுவிக் கவிழ்த்திருக்கும். பளபளவென்று. “எதாவது போனானா?” என்று கேட்பாள் ஜுரேமா. “துளி இல்லைடி” என்று அத்தை உதட்டைப் பிதுக்குவாள். “எம்மாம் நேரம் உக்காந்து பாத்தேன் தெரியுமா? கல்லு மாதிரி கெடக்கான்.”

கொல்லையில் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள் சேர்ந்தன. அத்தை புனல் வைத்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்ததை ஒருநாள் ஜுரேமா பார்த்தாள்.

“என்ன அது?”

“துக்குப்பி. வேற என்ன? சூப்புக்கு நிக்க நேரமில்லாதவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க.”

ஊரே துக்குப்பியைப் பாட்டிலில்தான் விற்கிறது. ஜுரேமா மேலே கேட்கவில்லை. ஆனால் அத்தை பாம்புக்குத் திருட்டுத்தனமாக இறால் போடுகிறாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. இறாலின் உப்பும் ஓடும் கவர்னரின் குடலை இன்னும் அடைத்துவிடும். அன்றே இறால் டப்பாவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். “நல்லதுதான்டி, பத்திரமா வை” என்றாள் அத்தை. அதுதான் இன்னும் பெரிய சந்தேகம்.

இதற்கிடையில் அம்மாவும் வைத்தியத்தில் இறங்கினாள்.

குளிர்பெட்டியில் மீனுக்கும் கோழிக்கும் நடுவே கவர்னருக்கான எலிகள் உறைந்து கிடக்கும். அவனுக்கு வெளியேறும்வரை இரை கிடையாது என்று ஜுரேமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒரு காலையில் பார்த்தால் மேசைமேல் ஒரு எலி இளகிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் தையல். நீல நூல். கச்சிதமான தையல், அம்மா பிழைப்புக்குத் துணி தைப்பவள்.

“இது என்னம்மா?”

“ஒண்ணுமில்ல.”

ஜுரேமா தையலைப் பிரித்தாள். உள்ளே ஆரஞ்சு நிறக் கூழும் கறுப்பு விதைகளும்.

“பப்பாளியா?”

“உனக்குச் சின்ன வயசுல இதான் குடுத்தேன். ஒரு மணி நேரத்துல போயிடுவே.”

“அவன் பழம் செரிக்க மாட்டாம்மா! அவன் பாம்பு!”

“அதான் எலிக்குள்ள வச்சேன். தெரிஞ்சா திங்க மாட்டானேன்னு.”

ஜுரேமா எலியைக் குப்பையில் போட்டாள். அம்மா ஒளிந்து செய்ததுதான் அவளுக்கு உறுத்தியது. அம்மா இதுவரை எதையும் ஒளித்ததில்லை. அல்லது ஜுரேமாவுக்குத் தெரியாமல் நன்றாகவே ஒளித்திருக்கிறாள்.

அடுத்தது அந்திரோபா எண்ணெய். வீக்கம், கடி, மூட்டுவலி, சளி, மாமியார் தொல்லை, எதற்கும் இந்த ஊரில் அதுதான். ஜுரேமா மழையில் துணி எடுக்கப் போன இடைவெளியில் அம்மா அரை பாட்டிலைக் கவர்னரின் அடிவயிற்றில் நீவி முடித்துவிட்டாள். நீவ ஆரம்பித்தபோது பிடித்திருந்தாள். முடித்தபோது பிடிக்க முடியவில்லை.

“ஜுரேமா! கவர்னர் போயிட்டாரு!”

“போயிட்டானா? எங்க, எவ்வளவு?” ஆசையோடு ஓடி வந்தாள் ஜுரேமா.

“அந்தப் போறது இல்லடி. வாசல் வழியா!”

கவர்னர் எண்ணெய் மினுக்கலோடு வாசல்படி இறங்கி, நடைபாதையில் நழுவி, டக்கக்கா வரிசையின் நடுவே புகுந்தான். ஜுரேமா கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். வேறு எந்த ஊராக இருந்தாலும் கூட்டம் சிதறியிருக்கும். இங்கே கூட்டம் குனிந்தது. ஒருவர் லாட்டரிச் சீட்டை எடுத்து அவன் முதுகில் தேய்த்தார். ஒரு பெண் ஒரு ஆணின் போட்டோவைத் தேய்த்தாள். மூன்றாவது ஆள் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தை. கவர்னர் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, தேர்தல் நேரத்து நிஜக் கவர்னரைப்போல் யாரையும் பார்க்காமல் ஊர்ந்தான். ஜுரேமா அவனைப் பிடிப்பாள், அவன் வழுக்குவான். கடைசியில் கறிக்கடைக்காரரின் சாக்கைப் போட்டு அமுக்க வேண்டியிருந்தது.

“வழி விடுங்க! உடம்பு சரியில்லாத பாம்பு!”

“என்னம்மா செய்யுது அதுக்கு?” என்று வரிசையிலிருந்து ஒரு கிழவர்.

“வெளிக்குப் போகலை.”

வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பாம்பின் கஷ்டம் இவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது என்று ஜுரேமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சிரிங்க! நல்லா சிரிங்க!” என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சாக்கில் உரசியதில் கவர்னரின் மூக்கில் கீறல். எண்ணெயைக் கழுவ இன்னொரு குளியல். இரண்டு நாள் அவன் தலையைச் சுருளுக்குள்ளிருந்து வெளியே எடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் டாக்டர் எவெரால்தோவை வீட்டுக்கு வரவழைத்தாள். ஊரில் கால்நடை மருத்துவர்கள் உண்டு. பாம்பு பார்க்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னவர் இவர் ஒருவர்தான். வந்தவர் கவர்னரைக் கண்டதும் நாற்காலியில் ஏறினார். உட்காரவில்லை, ஏறினார்.

“நான் பெரும்பாலும் பூடில் நாய்தான் பாக்கறது,” என்றார் மேலேயிருந்து. “வாயைத் திறக்கச் சொல்லுங்க.”

“பிரச்சினை அந்தப் பக்கம் டாக்டர்.”

“தெரியும், தெரியும். எல்லாம் ஒரே குழாய்தானே?” அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். “அடைப்பு. தெளிவாத் தெரியுது. வெட்டி எடுத்துடலாம். சனிக்கிழமை காலையில கொண்டு வாங்க.”

“தொட்டுக்கூடப் பாக்கலையே?”

“அனுபவம்மா.”

“பாம்பை இதுக்கு முன்னாடி வெட்டியிருக்கீங்களா?”

“எல்லாத்துக்கும் ஒரு முதல் தடவை இருக்கில்ல?”

“வெட்டெல்லாம் வேணாம் டாக்டர்!” என்று பாய்ந்து வந்தாள் அத்தை. “இன்னும் கொஞ்ச நாள் குளிக்க வச்சாப் போதும். தண்ணிதான் மருந்து. எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்.”

ஜுரேமாவுக்கு அந்த நிமிஷம் அத்தையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த வீட்டில் ஒருத்தியாவது கவர்னருக்காகப் பேசுகிறாள்.

டாக்டர் கிளம்பும்போது அத்தை அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனாள். அவர் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலின் மூடி எட்டிப் பார்த்தது.

“துக்குப்பி பிடிக்குமா டாக்டர்?” என்று சும்மா கேட்டு வைத்தாள் ஜுரேமா.

டாக்டருக்குக் காது வரை சிவந்தது. “ம்... ரொம்ப. நான் தனியாத்தான் இருக்கேன், அதான்...” என்று சொல்லிவிட்டு, குடையை மறந்து மழையில் ஓடினார்.

துக்குப்பிக்கு எதற்கு வெட்கம்? ஜுரேமா அந்தக் குடையை மடக்கிக் கதவோரம் சாத்தினாள்.

அதன் பிறகு கவர்னரை மடியில் கிடத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்திலிருந்து வால்வரை விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். கல்லூரியில் அவள் எல்லாரையும்விட நன்றாகச் செய்த காரியம் இது. ஆசிரியர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். முன்பு வாலுக்குச் சற்று மேலே, மாங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று இருந்தது. அவளுக்கு இடம்கூட நினைவிருந்தது.

இப்போது இல்லை.

திரும்பவும் பார்த்தாள். இல்லை. மெத்தென்று, காலியாக, ஆரோக்கியமாக இருந்தது வயிறு.

கக்கியிருந்தால் வீடே நாறியிருக்கும். வெளியேறியிருந்தால் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியைக் கொட்டி, காகிதம் காகிதமாகப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், குப்பைக்கூடையில் பார்த்தாள். பாம்பின் கழிவு சுலபத்தில் மறைகிற பொருள் அல்ல. கறுப்பாக ஒன்று, கூடவே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒன்று, வாசனை மூன்றாவது வீட்டுக்கு. எங்கும் இல்லை.

அப்படியானால் யாரோ எடுத்திருக்கிறார்கள். பாம்பின் கழிவை எடுத்து ஒளித்துவைக்க இந்த வீட்டில் யாருக்கு என்ன அவசியம்?

அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக அம்மாவின் தையல் மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அம்மா, அவன் போயிட்டான். நீ எடுத்துப் போட்டுட்டே.”

மெஷின் நின்றது.

“நான் போகக்கூடாதுன்னு. அவனுக்குச் சரியாகாத வரைக்கும் நான் படகு ஏற மாட்டேன்னு உனக்குத் தெரியும். அதான் பப்பாளி, அதான் எண்ணெய், எல்லாம் நாடகம். சொல்லு.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் அழுவதற்கு முன்னால் எப்போதும் கண்ணாடியைக் கழற்றுவாள், கறை படிந்துவிடுமாம்.

“நீ போகக்கூடாதுன்னு நசரேத் மாதாகிட்ட வேண்டிக்கிட்டது உண்மை,” என்றாள். “தெனமும் வேண்டினேன். அப்புறம் நீ சோறு திங்காம அந்தப் பாம்பையே பாத்துட்டு உக்காந்திருந்தியா, மனசு கேக்கல. ஆகட்டும் மாதாவே, அவனுக்கு ஆகட்டும், அவ போகட்டும்னு மாத்தி வேண்டினேன். பப்பாளி அதுக்கப்புறம் வச்சதுதான். அவன் கழிவைக் கண்ணால பாத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும். பாத்திருந்தா சந்தோஷத்துல தெருவுக்கே கத்திச் சொல்லியிருப்பேண்டி.”

மன்னிப்புக் கேட்பது ஜுரேமாவுக்கு வராது. கீழே கிடந்த நூல்கண்டை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். அம்மா அதை ஏற்றுக்கொண்டாள்.

“உள்ளயே ஏறியிருக்கும்டி,” என்று வாசல் நிலையில் சாய்ந்தபடி சொன்னாள் அத்தை. “சில பேருக்கு அப்படித்தான், கீழ வராம மேல ஏறிக்கும். இன்னும் ஒரு மாசம் குளிக்க வை. அதுக்குள்ள என்ன அவசரம்? வேலை எங்க ஓடிடப் போவுது? உன் படிப்புக்கு ஆயிரம் வேலை.”

“படகு சனிக்கிழமை அத்தை.”

“படகு எப்பவும்தான் போவுது.”

சனிக்கிழமை வந்தது. ஜுரேமா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கவர்னரைத் துணிச்சாக்கில் போட்டு, சாக்கைக் காற்றுத்துளை வைத்த பெட்டியில் வைத்து மூடினாள்.

“ஆபரேஷனுக்கா?” என்றாள் அம்மா.

“படகுக்கு.”

“ஐயோ, அவனுக்கு இன்னும் ஆகலியே!”

“ஆயிடுச்சு. என் கை சொல்லுது. இந்த வீடு முழுக்க இல்லைன்னுது. நான் என் கையை நம்பறேன்.”

“வழியில அவனுக்கு எதாவது ஆயிட்டா?”

“ஆச்சுன்னா என் தப்பு. நான் படிச்சது தப்புன்னு ஆகும். பரவாயில்ல. இங்க இருந்தா பூடில் டாக்டர் வெட்டுவாரு, நீ தைப்பே, அத்தை குளிப்பாட்டுவா. அதுக்கு ஆறே மேல்.”

அம்மா மரவள்ளி மாவும் வறுத்த இறாலும் கட்டிய பொட்டலத்தைப் பைக்குள் திணித்தாள். இறால் டப்பாவின் சாவியை ஜுரேமா கழுத்திலிருந்து கழற்றி அவள் கையில் வைத்தாள். கட்டிக்கொண்டார்கள். பெட்டி நடுவில் இடித்தது.

பதறியது அத்தைதான். கண்ணீர் உண்மையாகவே வழிந்தது.

“அவனையாவது விட்டுட்டுப் போடி! நான் என் புள்ளை மாதிரி பாத்துக்கறேன்! தெனமும் குளிப்பாட்டறேன்! பானை அவனுதுடி!”

இத்தனை பாசம் எங்கிருந்து வந்தது? கேட்டுத் தெரிந்துகொள்ள நின்றால் படகு போய்விடும். யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்பது இனித் தனக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தாயிற்று. ஜுரேமா வாசல்படி இறங்கினாள்.

எதிரே ஒரு பெண் காலி பாட்டிலோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். உதட்டில் புதுச் சாயம், தலையில் பூ. ஜுரேமாவுக்கும் அவள் பெட்டிக்கும் வழிவிட்டு ஒதுங்கி, வாசலில் நின்ற அத்தையைப் பார்த்துத் தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள்.

“ஒஸ்காரினாக்கா! எம் புருஷன் அவளை விட்டுட்டு வந்துட்டான்க்கா! என் தங்கச்சிக்கும் ஒரு பாட்டில் குடுங்க. ஆனா பாம்பு சும்மா குளிச்ச தண்ணி வேணாம். போன வெள்ளிக்கிழமை குடுத்தீங்களே, பாம்பு வெளிக்கிருந்த தண்ணி, அதுதான் வேலை செய்யுது!”